தொட்டிக்குள் ஹைட்ரா

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரியில் டாஃப்னியா பிடித்து வந்து கப்பிக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நாளில் முப்பது குஞ்சு பதினொன்றாகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரி ஹைட்ரா! ஏரித் தண்ணீரோடு நான்தான் கொண்டுவந்திருக்கிறேன். அதன் உணர்கொம்புகளில் கொட்டும் செல்கள் உண்டு; பட்ட குஞ்சு மரத்துப்போகும், அப்புறம் விழுங்கிவிடும்.

பிளேடால் சுரண்டினேன். ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகம். வெட்டின துண்டும் முழு ஹைட்ராவாக வளரும் என்று ஆபிரகாம் டிரெம்ப்ளே 1744-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். நாம எங்கே படிச்சோம்!

செம்பு கலந்த மருந்துக்குச் சாகும்; நத்தையும் இறாலும் கூடவே போகும். ஆடு மாடுகளுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கிற ஃபென்பெண்டசோலும் கேட்கும், ஆனால் சில நத்தைகளுக்கு ஆகாது. என் தொட்டியில் நத்தை இருந்ததால் மருந்தே வேண்டாமென்று விட்டேன்.

மிஞ்சின குஞ்சுகளைப் பக்கெட்டுக்கு மாற்றி, முப்புள்ளி கௌராமி இரண்டை உள்ளே விட்டு, நாலு நாள் தீனி நிறுத்தினேன். பசியில் மேய்ந்துவிட்டன. கௌராமியை எடுத்த பிறகுதான் குஞ்சுகளைத் திரும்ப விட்டேன். அது குஞ்சையும் தின்னும். இப்போ டாஃப்னியாவைத் தனித்தொட்டியில் வைத்து, ஒரு வாரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.