சந்தைக் கூடை வராத நாளில் வத்தக் குழம்பு

முதுமையில் பார்வை மங்கியவர்கள் சிலருக்கு, இல்லாத ஆட்கள் தெரிவார்கள். ஜரிகைத் தலைப்பாகையோடு குள்ளமாய் நாலு பேர் கூடத்தில் வாய் திறக்காமல் நடந்து போவார்கள். சுவரெல்லாம் கட்டம் கட்டமாய்ப் படரும். இதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளரான போனே, தன் தாத்தா லூலனுக்கு நேர்ந்ததை 1760-இல் எழுதினார். தாத்தாவுக்கு 90-ஐ நெருங்கும் வயது, கண்ணில் புரை, புத்தியோ படு தெளிவு. மனிதர்கள், பறவைகள், கட்டடங்கள் கண்முன் வந்து போயின. நிஜமில்லை என்று அவருக்கே தெரியும்.

அடுக்களைக்கு வாருங்கள், விளங்கும். கண்தான் சந்தை. மூளையின் பின்பக்கத்துப் பார்வைப் பகுதி சமையல்காரம்மா. எழுபது வருஷமாக விடிந்தால் காய்க்கூடை வந்து இறங்கும். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தோ, குளுக்கோமாவாலோ கூடை வருவது குறைந்தால் அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட மாட்டார். பழகிய கை, பரணிலிருந்து சுண்டைக்காய் வற்றலை எடுத்து வத்தக் குழம்பு வைத்துவிடுவார். அதுவும் அசல் குழம்புதானே? அதனால்தான் பேப்பரில் தலைப்புகூடப் படிக்க முடியாத பாட்டிக்கு அந்தத் தலைப்பாகை ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது.

1998-இல் லண்டனில் டொமினிக் ஃபிட்சே குழுவினர் இப்படிப்பட்டவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தார்கள். நிறம் தெரிந்தவருக்கு மூளையில் நிறத்துக்கான இடம் சுறுசுறுப்பானது; முகம் தெரிந்தவருக்கு முகத்துக்கான இடம். எந்த அடுப்பு எரிகிறதோ அந்தப் பதார்த்தம். காதுக்கு வரும் சரக்கு நிற்கவில்லை, ஆகவே வந்தவர்கள் பேசுவதில்லை. உவமை ஓரிடத்தில் உதைக்கும்: பரணில் இருப்பது நாம் போட்ட வற்றல், இங்கே வருபவர்களோ பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்.

மனசைக் கெடுப்பது உருவங்களைவிட, அவற்றை மறைப்பதுதான் என்பேன். பேப்பர் போச்சு, தனியாகக் கோயிலுக்குப் போவது போச்சு, எதிரே வருகிறவர் முகம் தெரியாமல் ‘பார்த்தும் பேசலை’ என்ற பழி வேறு. பார்வை குறைந்த முதியவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்பது தெரிந்த விஷயம். அதன்மேல் “சொன்னா புத்தி பேதலிச்சிருச்சும்பாங்க” என்ற பயமும் ஏறினால் தூக்கம் எங்கே வரும்? மந்திரிக்கக் கூட்டிப்போகிற வீடும் உண்டு. “இல்லாதது ஏதாவது தெரியுதாம்மா?” என்று கண் டாக்டரே கேட்டுவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் இவை அதிகம் வரும். விளக்கைப் போட்டு, எழுந்து நடந்து, கண்ணை இடமும் வலமுமாக வேகமாக ஓட்டினால் பலருக்குக் கலையும். புரையென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு கூடை மறுபடி வந்து, உருவங்கள் ஓய்வதும் உண்டு. ஆனால் குரலும் கேட்கிறது, வந்தவருக்குச் சோறு எடுத்து வைக்கிறார், ஆளே குழம்பிக் கிடக்கிறார் என்றால் அது வேறு கதை. மறதிநோயா, மருந்தின் விளைவா, காய்ச்சலா என்று பொது மருத்துவரிடம் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.