கண்ணாடித் தொட்டிக்குக் கடற்பாறை இறால்

அமெரிக்காவைச் சார்ந்த பிளோரிடா மாகாணத்தில், கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி மீன் வளர்ப்போர், கரையோரக் கற்பாறைகளினின்று பெப்பர்மின்ட் இறால் என்னும் செங்கோடிட்ட இறாலைத் தாமே பிடித்து வருவதுண்டு. அழகு கருதி மட்டுமன்று. அத்தொட்டிகளில் ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி களையாகப் பரவுகின்றது. அதனைக் கிள்ளியெறிதல் வீண். நம் வயற் கோரையைப் போல எஞ்சிய துணுக்கினின்றும் மீளத் தழைக்கும். அக்களையை இவ்விறால் தின்றுவிடும். ஆயினும் வேறு தீனி மிகுதியாயிட்டால் களையைத் தொடாது.

பகலில் பாறையிடுக்கில் ஒளிந்து இரவில் வெளிப்படுமாதலால், விளக்கும் சிறு கைவலையுமே போதும். உயிருடன் நிலைநிறுத்துவதே கடினம். வாளியிலுள்ள இறாலின்மேல் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, உப்பும் வெப்பமும் ஒத்த பின்னரே தொட்டியில் விடுதல் வேண்டும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்களவில் இருத்தல் நலம். மீன் நோய்க்கிடும் செம்பு மருந்து இறாலுக்கு நஞ்சாம். உரித்துவிட்ட ஓட்டைக் கண்டு, இறால் மாண்டதெனக் கலங்குவோரும் உளர்!

அங்குப் பொழுதுபோக்காகப் பிடிப்போர், பெரும்பாலும் உரிமச்சீட்டுப் பெறுதல் வேண்டும்; நாளொன்றுக்கு ஒருவர் ஓரினத்தில் 5-க்கு மேல் எடுத்தலாகாது. சிறு தொட்டிக்கு இரண்டு மூன்றே போதுமாகையால், இவ்விதி எவர்க்கும் இடையூறன்று.