இயக்க உணரி அளவீடுகளைத் திசையனாக மாற்றுதல்

இயக்க உணரி அளவீடுகளைத் திசையனாக மாற்றுதல் என்பது, திறன்பேசியின் முடுக்கமானி போன்ற உணரிகள் தரும் மூன்று எண்களைச் செயலியின் நிரலில் ஒரே திசையன் வகை மாறியாகத் தொகுப்பதாகும். நிரலில் இது ஓரிரு வரிகளே. ஆனால் அலகு, குறி, அச்சு ஆகியவற்றைக் கவனிக்காமல் எண்களை மட்டும் நகலெடுத்தால், சாய்த்த பக்கம் உருள வேண்டிய விளையாட்டுப் பந்து எதிர்ப்பக்கம் உருளும்.

திசையன் வகையின் பயன்

மூன்று எண்களும் தனித்தனி மாறிகளாக இருந்தால் கூட்டல், நீளம் காணல், சுழற்றல் ஆகிய ஒவ்வொன்றையும் மும்முறை எழுத வேண்டும். திசையன் வகையில் இவை ஆயத்தச் செயற்பாடுகளாகக் கிடைக்கின்றன. யூனிட்டி விளையாட்டுப் பொறியின் வெக்டர்3 இத்தகைய ஒரு வகையாகும்.

இயங்குதள வேறுபாடுகள்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் கருவியை நிமிர்த்திப் பிடிக்கும்போது எக்ஸ் அச்சு வலப்பக்கமும், ஒய் அச்சு மேல்நோக்கியும், இசட் அச்சு திரையிலிருந்து பயனரை நோக்கியும் அமையும். ஆனால் திரை மேலிருக்க மேசையில் கிடக்கும் திறன்பேசிக்கு இரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

- ஆண்ட்ராய்டு: ஏறத்தாழ (0, 0, 9.81). அலகு மீ/நொ². எண்கள் 32 பிட் மிதவைப்புள்ளி அணியாக வரும்.
- ஐஓஎஸ்: ஏறத்தாழ (0, 0, −1). அலகு புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு. எண்கள் 64 பிட் மிதவைப்புள்ளி வகை.

மேசை கருவியை மேல்நோக்கித் தாங்குவதை ஆண்ட்ராய்டின் திசையன் காட்டுகிறது. ஐஓஎஸ்ஸின் திசையன் புவியீர்ப்பின் திசையில் அமைகிறது. எனவே ஐஓஎஸ் அளவீட்டை −9.80665 ஆல் பெருக்கினால் ஆண்ட்ராய்டு வடிவம் கிடைக்கும். திசையன் வகை 32 பிட் எண்களை ஏற்பதாயின், 64 பிட் எண்களை வெளிப்படையாக வகைமாற்றம் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஆண்ட்ராய்டு, உணரி நிகழ்வுப் பொருளை மீண்டும் பயன்படுத்தக்கூடும். ஆகவே அதன் அணியைச் சுட்டி வைத்துக்கொள்ளாமல், மூன்று எண்களையும் உடனே புதிய திசையனில் நகலெடுப்பது பாதுகாப்பானது.

திரைக்காட்சி கிடைமட்டமாக மாறினாலும் உணரியின் அச்சுகள் மாறுவதில்லை. கருவியை இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால், திரையின் எக்ஸ் மதிப்பு உணரியின் ஒய் மதிப்புக்கு எதிர்க்குறியாகும். திரையின் ஒய் மதிப்பு உணரியின் எக்ஸ் மதிப்பாகும். இசட் மாறாது.

சரிபார்த்தல்

கருவி அசையாதபோது திசையனின் நீளம் ஏறத்தாழ 9.81 ஆக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 45 பாகை சாய்வில் (0, 6.94, 6.94) கிடைத்தால் நீளம் 9.81 ஆகும். அலகுப் பிழையை இச்சோதனை காட்டிவிடும். குறி மாறினாலோ அச்சுகள் இடம் மாறினாலோ நீளம் மாறாது என்பதால் அப்பிழைகளைக் காட்டாது. அவற்றைக் கண்டறிய, கருவியைத் திரை மேலிருக்கக் கிடத்தியும், நிமிர்த்தியும், இடப்பக்க விளிம்பில் நிறுத்தியும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு வடிவில் முறையே இசட், ஒய், எக்ஸ் மதிப்புகள் மட்டும் +9.81 அளவில் இருந்தால் மாற்றம் சரியானது.