'இது ஒரிஜினல் இல்ல, பணத்தைத் திருப்பிக் கொடுங்க': ஹேண்ட்பேக் விற்றவருக்கு இந்த மெசேஜ் வந்தால் என்ன செய்வது?

பார்சல் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். பணம் வங்கிக் கணக்குக்கு வந்து, அதில் பாதி செலவும் ஆகியிருக்கும். அப்போதுதான் அந்த மெசேஜ் வரும்: "இது ஃபேக். ஃபுல் ரீஃபண்ட் வேணும்."

அமெரிக்காவில் இபே போன்ற தளங்களில் பழைய டிசைனர் ஹேண்ட்பேக் விற்பவர்கள் ரொம்பவே பயப்படும் வரி இது. விற்றது ஆயிரம் டாலர் பை என்றால், தகராறில் தோற்றால் ஆயிரம் டாலரும் திரும்பிப் போகும். சில நேரம் பையும் திரும்பி வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஒரிஜினலை விற்றவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார். "நம்ம மேல தப்பு இல்லையே, எதுக்குப் பயப்படணும்?" என்று எந்த ஆதாரத்தையும் எடுத்து வைக்காமல் இருந்துவிடுகிறார்.

தீர்ப்பு சொல்பவர் பையைப் பார்ப்பதே இல்லை

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தகராறை விசாரிக்கும் இபே ஊழியரோ, பேபால் ஊழியரோ, கிரெடிட் கார்டு வங்கியோ அந்தப் பையைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அவர்கள் முன்னால் இருப்பது லிஸ்டிங், படங்கள், இருவரும் அனுப்பிய மெசேஜ்கள், டிராக்கிங் விவரம் மட்டும்தான். யாருடைய ஃபைல் தெளிவாக இருக்கிறதோ அவர் பக்கம் சாய்வார்கள். இரண்டும் சமமாக இருந்தால் வாங்கியவர் பக்கம்.

இபேயின் பணத் திருப்பி உத்தரவாதப்படி, பார்சல் கிடைத்த 30 நாளுக்குள் வாங்கியவர் "விவரித்தபடி இல்லை" என்று புகார் தரலாம். பதில் சொல்ல விற்றவருக்குக் கிடைப்பது 3 வேலை நாள். அதற்குள் தீரவில்லை என்றால் தளத்தையே தலையிடச் சொல்லலாம்.

"நோ ரிட்டர்ன்ஸ்னு லிஸ்டிங்ல தெளிவா போட்டிருந்தேனே!" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த வரி, மனம் மாறி "வேண்டாம்" என்று சொல்பவருக்குத்தான் பொருந்தும். சொன்னபடி பொருள் இல்லை என்ற புகாருக்கு அது செல்லாது. புகார் ஏற்கப்பட்டால் ரிட்டர்ன் ஷிப்பிங் செலவும் விற்றவர் தலையில்தான் விழும்.

புகார் பெரும்பாலும் லிஸ்டிங்கில்தான் பிறக்கிறது

எல்லா வாங்குபவரும் மோசடிக்காரர் இல்லை. படத்தில் பார்த்ததும் கையில் வந்ததும் வேறு மாதிரி இருந்தால் யாருக்கும் கோபம் வரும். "வெரி குட் கண்டிஷன்" என்ற வார்த்தைக்கு விற்பவர் மனதில் ஓர் அர்த்தம், வாங்குபவர் மனதில் இன்னோர் அர்த்தம். அதற்குப் பதில், "கீழே இடது மூலையில் தோல் தேய்ந்திருக்கிறது, 4-வது படம் பார்க்கவும்" என்று எழுதினால் பிறகு சண்டை போட இடமில்லை.

அதிகம் மறக்கப்படுவது வாசனை. சிகரெட், பர்ஃப்யூம், பல மாதம் அலமாரிக்குள் இருந்த பூஞ்சை நாற்றம் எதுவுமே போட்டோவில் தெரியாது. இவற்றை எழுத்தில் சொல்ல வேண்டும். அளவையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடலாம். "இவ்ளோ சின்னதா இருக்கும்னு நினைக்கல" என்பதும் ஒரு வழக்கமான புகார்தான்.

இன்னொரு வகைப் புகார், பிராண்டைப் பற்றி இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு வருவது. லூயி வுய்ட்டான் பைகளில் முன்பு உள்ளே ஒரு தேதிக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். 2007-க்குப் பிந்தைய குறியீட்டில் இரண்டு எழுத்துகளும் நான்கு எண்களும் இருக்கும். எழுத்துகள் தயாரித்த இடத்தையும், எண்கள் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2021-ல் அந்த நிறுவனம் இதை நிறுத்திவிட்டு மைக்ரோசிப்புக்கு மாறியது. புதிய பை வாங்கியவர் உள்ளே தேடிப் பார்ப்பார், கோடு இருக்காது, உடனே "ஃபேக்!" என்பார். ஷனெல் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சீரியல் எண் ஸ்டிக்கரும் கார்டும் இருந்த இடத்தில் 2021 முதல் சிப் வைத்த சிறிய உலோகத் தகடு வந்துவிட்டது.

லூயி வுய்ட்டான் பைகளுக்கு 'ஒரிஜினல் என உறுதிசெய்யும் கார்டு' என்று ஒன்று தரப்படுவதே இல்லை. அப்படியொரு கார்டோடு வரும் பையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் "கார்டு எங்கே?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அதே பிராண்டின் கைப்பிடிகளில் வரும் பதப்படுத்தாத வெளிர் நிறத் தோல், வருடங்கள் போகப் போக தேன் நிறத்துக்கு மாறும். புதுப் பையின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அதுவும் போலியின் அடையாளமாகத் தெரியும். இவை எல்லாவற்றையும் லிஸ்டிங்கிலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டால் பாதி தகராறு தொடங்காது.

ஒரு எச்சரிக்கை: தேதிக் குறியீடு சீரியல் எண் இல்லை. ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் தயாரான பல பைகளில் ஒரே குறியீடு இருக்கும். போலி தயாரிப்பவர்களும் அதை அச்சடிக்கிறார்கள். அதனால் குறியீட்டின் படம் மட்டுமே "ஒரிஜினல்" என்பதற்கு ஆதாரம் ஆகாது.

போனது ஒரு பை, வந்தது வேறு பை

உண்மையான மோசடி இங்கேதான் நடக்கிறது. ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, அதே மாடலின் போலியை "ரிட்டர்ன்" என்று அனுப்புவது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கே இருக்கிறது. அமெரிக்காவின் விர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு பெண், பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் பைகளை வாங்கி, சீனா, ஹாங்காங்கிலிருந்து வரவழைத்த போலிகளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டார். ஒரிஜினல்களை ஆன்லைனில் விற்றார். 12 மாகாணங்களில் குறைந்தது 60 கடைகள் ஏமாந்தன. 2016-ல் அவருக்கு 30 மாதச் சிறைத் தண்டனையும், 4 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டும் உத்தரவும் விதிக்கப்பட்டன. தினமும் ரிட்டர்ன் வாங்கும் கவுன்ட்டர் ஊழியர்களையே ஏமாற்ற முடிந்தது என்றால், வீட்டிலிருந்து ஒரே ஒரு பை விற்பவரை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கு எதிராக விற்பவரிடம் இருக்கும் நல்ல ஆயுதம், அந்தப் பைக்கு மட்டுமே உரிய அடையாளங்கள். தோலின் சுருக்கம், மெட்டல் கொக்கியில் விழுந்த கீறல், உள் லைனிங்கில் இருக்கும் பேனா கறை, தையலில் சற்று விலகிய ஒரு நூல் என்று இவற்றை நெருக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். எந்தப் போலியாலும் இவற்றை அப்படியே காப்பி அடிக்க முடியாது. "நான் அனுப்பிய பையில் கொக்கிக்கு மேல் இந்தக் கீறல் இருந்தது, திரும்பி வந்ததில் இல்லை" என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பையைப் பார்க்காத ஊழியருக்கும் புரியும்.

பேக்கிங்கை நடுவில் கட் செய்யாமல் வீடியோ எடுக்கலாம். பை, அடையாளங்கள், பெட்டிக்குள் வைப்பது, டேப் ஒட்டுவது, ஷிப்பிங் லேபிள், எடை எல்லாம் ஒரே வீடியோவில் வர வேண்டும். ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும்போதும் அப்படியே. நம்ம ஊரில் "அன்பாக்ஸிங் வீடியோ இல்லேன்னா கிளெய்ம் இல்ல" என்று சின்னக் கடைகள் வாங்குபவரிடம் கேட்பது பழக்கமாகிவிட்டது. இங்கே அதை விற்பவர் எடுக்கிறார், அவ்வளவுதான்.

"இந்த டேக்கைக் கழற்றினால் ரிட்டர்ன் கிடையாது" என்ற பிளாஸ்டிக் டேக்கை வெளியே தெரியும்படி மாட்டி அனுப்புபவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் முழு நம்பிக்கை வைக்கக் கூடாது. டேக் இல்லை என்பதற்காக மட்டும் "விவரித்தபடி இல்லை" புகாரைத் தளம் தள்ளுபடி செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

விலை உயர்ந்த பைகளுக்கு இபே 2021-ல் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை இந்தப் பிரச்சினையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. அமெரிக்காவில் குறிப்பிட்ட பிராண்டுகளில் 500 டாலருக்கு மேற்பட்ட பைகளோடு இது தொடங்கியது. பை நேராக வாங்கியவருக்குப் போகாமல் முதலில் ஒரு மையத்துக்குப் போகும். அங்கே நிபுணர்கள் லிஸ்டிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ரிட்டர்ன் வந்தாலும் அதே மையம் வழியாகத்தான் வரும். பை மாற்றும் வேலை அங்கேயே மாட்டிக்கொள்ளும். போஷ்மார்க்கிலும் 500 டாலருக்கு மேல் இதே போன்ற சரிபார்ப்பு உண்டு. அங்கே பார்சல் கிடைத்த 3 நாளுக்குள் புகார் வராவிட்டால் பணம் விற்றவருக்கு விடுவிக்கப்படும். 30 நாள் நெஞ்சு படபடப்போடு இருக்க முடியாதவர்கள் யோசிக்க வேண்டிய வித்தியாசம் இது.

மெசேஜ் வந்துவிட்டது, இப்போது?

கோபத்தில் டைப் பண்ணக் கூடாது. "நீங்கதான் ஏமாத்துறீங்க" என்று அனுப்பிய வரியைத்தான் நாளை விசாரிக்கும் ஊழியர் முதலில் படிப்பார்.

பேச்சு முழுவதும் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். "வாட்ஸ்அப்ல வாங்க, பேசிக்கலாம்" என்று கூப்பிட்டால் போகக் கூடாது. அங்கே பேசியது தளத்தின் கண்ணில் படாது. எந்த இடத்தில் சந்தேகம், எந்தப் படத்தோடு பொருந்தவில்லை என்று மரியாதையாகக் கேட்கலாம். "கடையில போய்க் காட்டினேன், ஃபேக்னு சொன்னாங்க" என்பது அடிக்கடி வரும் பதில். பெரிய பிராண்டுகள் பொதுவாக மற்றவரிடம் வாங்கிய பைக்கு ஒரிஜினல் சான்று எழுதித் தருவதில்லை. கடை ஊழியர் வாய்மொழியாகச் சொன்னதற்கும் ஆதார மதிப்பு குறைவு. எழுத்தில் இருக்கும் சான்றைக் கேட்கலாம். நியூயார்க்கின் என்ட்ருபி போன்ற நிறுவனங்கள் மைக்ரோஸ்கோப் படங்களை வைத்துச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகின்றன. விற்கும் முன்பே அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தால் இந்த இடத்தில் கை கொடுக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு மெசேஜ்: "ஃபேக்தான், பரவாயில்ல. பாதிப் பணம் கொடுங்க, பையை நானே வச்சுக்கிறேன்." போலி என்று உண்மையிலேயே நம்புகிறவர் அதைப் பாதி விலைக்கு ஏன் வைத்துக்கொள்ளப் போகிறார்? இதற்கு ஒரே பதில், "பையைத் திருப்பி அனுப்புங்கள், வந்ததும் முழுப் பணமும் தருகிறேன்" என்பதுதான். பேரம் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

ரீஃபண்ட் தருவதானால் அந்தக் கேஸ் வழியாகவே தர வேண்டும். "தனியா அனுப்பிடுறேன்" என்று வேறு ஆப்பில் அனுப்பினால் கேஸ் திறந்தே இருக்கும், இரண்டாவது முறையும் பணம் போகும். திரும்பி வந்த பை வேறு என்றால் 2 வேலை நாளுக்குள் படங்களோடு தளத்திடம் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் பணம் தானாகவே போய்விடும்.

கேஸ் ஜெயித்தாலும் கதை முடியவில்லை

தளத்தில் தோற்றவர் தன் வங்கியிடம் போகலாம். அதற்குப் பெயர் சார்ஜ்பேக். விசா கார்டுகளில் பொதுவாக 120 நாள் வரை இதற்கு வழி உண்டு. இபே வழியாக இது வந்தால் ஆதாரம் கொடுக்க 5 நாள்தான் அவகாசம். தோற்றால் அமெரிக்காவில் 20 டாலர் கட்டணம் வேறு.

பேபாலில் நேரடியாகப் பணம் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் தரலாம். 'விற்பனையாளர் பாதுகாப்பு' என்ற பெயரைக் கேட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: பார்சல் வரவில்லை, கார்டு திருடப்பட்டது போன்ற புகார்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. "விவரித்தபடி இல்லை" என்பதற்கு இல்லை. பார்சல் வரவில்லை என்ற புகாரிலும், 750 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்கியவர் கையெழுத்துப் போட்டுப் பெற்றதற்கான சான்று வேண்டும். சில டாலர் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுவது நல்ல கணக்கு இல்லை.

போலி என்று முடிவானால் பொருளைத் திருப்பி அனுப்பாமல் அழித்துவிடும்படி சொல்லவும் பேபால் விதிகளில் இடம் உண்டு. 2012-ல் 2,500 டாலர் மதிப்புள்ள பழைய வயலின் ஒன்று இப்படித்தான் உடைக்கப்பட்டு, அதன் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. விற்றவருக்கு மிஞ்சியது அந்தப் படம் மட்டும்தான்.

நிஜமாகவே போலியாக இருந்தால்?

இதுவும் நடக்கும். பிறந்தநாள் பரிசாக வந்தது, வெளிநாட்டில் யாரோ வாங்கித் தந்தது என்று நம்பி விற்றிருப்பார்கள். அப்படித் தெரிந்தால் வாதம் செய்யாமல் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுவதே சரி. அந்தப் பையை வேறு தளத்தில் மறுபடி போடக் கூடாது. போலி என்று தெரிந்தே விற்பது அமெரிக்கச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை தண்டனைக்குரிய குற்றம்.

நம்ம ஊரில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று வெளிப்படையாகச் சொல்லியே இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள். சொல்லிவிட்டு விற்றால் தப்பில்லை என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 104-வது பிரிவு, போலி முத்திரை உள்ள பொருளை விற்பதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. 'காப்பி' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விலக்கு என்று அதில் எதுவும் இல்லை.

கடைசியாக, போன் ஸ்டோரேஜ் ஃபுல் என்று பேக்கிங் வீடியோவை அடுத்த வாரமே டெலீட் பண்ணுபவர்கள் பேபாலின் அந்த 180 நாளை நினைவில் வைக்கலாம். டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, லிஸ்டிங் ஸ்க்ரீன்ஷாட், வாங்கிய பில், வீடியோ, கையெழுத்துச் சான்று எல்லாவற்றையும் ஆறு மாதம் வரை அங்கேயே விட்டுவைத்தால் போதும்.