தேர் வடமும் துலாக்கயிறும்

"நவீன கவிதை எங்களுக்கு விளங்காது" என்று ஒதுங்கிக்கொள்ளும் நல்ல வாசகர் பலரை அறிவேன். பெரிய நாவலையும் ஒரே மூச்சில் வாசித்து முடிப்பவர்கள், ஒரு பக்கக் கவிதையின் முன்னால் பரீட்சை மண்டபத்தில் இருப்பவர்களைப் போல மிரளுகிறார்கள். பாடசாலையில் நாம் கவிதை படித்த முறையும் இதற்குக் காரணம். பதவுரை, பொழிப்புரை என்று ஒரே விடைக்குப் பழகிய மனம், ஆசிரியர் அருகில் இல்லாதபோது தடுமாறுகிறது.

இத்தகையவர்களிடம் நான் முதலில் கொடுப்பது மகாகவி உருத்திரமூர்த்தியின் (1927-1971) 'தேரும் திங்களும்' என்ற கவிதையைத்தான். மகாகவி யாப்பைக் கைவிட்டவர் அல்லர். யாப்புக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தவர். யாப்பை உடைத்தால்தான் நவீனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கவிதையில் நடப்பது இதுதான்: ஊர் கூடித் தேர் இழுக்கிறது. வடம் பிடிக்க ஒருவன் வருகிறான். அவனைத் தடுக்கிறார்கள், அடிதடி மூளுகிறது, தேர் நின்றுவிடுகிறது. மறைபொருளைத் தேடுமுன் இவ்வளவையும் கண்ணால் கண்டுவிட வேண்டும். பிறகு, திங்கள் எதற்கு வந்தது என்று கேட்கலாம். தடுக்கப்பட்டவனை, நிலவைத் தொட்டு மீண்டவனின் உடன்பிறப்பாகக் காட்டுகிறார் கவிஞர். மனிதன் நிலவில் கால்வைத்தது 1969இல். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். இரண்டும் ஒரே காலம் என்பது தெரிந்தால் கவிதை இன்னும் விரியும். தெரியாதவருக்கும் அது கதவடைப்பதில்லை.

நான் அதை முதன்முதலில் வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது தேர் அல்ல, கிணறு. எங்கள் ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்துநிற்கும் ஒரு பெண். துலாக்கயிற்றை அவள் தொடக்கூடாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை வெயிலில் நிற்பாள். சிறுவயதில் தினமும் பார்த்த காட்சி. பார்த்தும் மனதில் உறைக்காத காட்சி. மகாகவியின் கவிதையில் கிணறே இல்லை. ஆனால் வடத்தை நோக்கி நீண்ட அந்தக் கை, துலாக்கயிற்றை நோக்கி நீள முடியாத அவளுடைய கையை எனக்குக் காட்டியது.

அப்படியானால் யாரும் எப்பொருளும் கொள்ளலாமா? கொள்ள முடியாது. தேரை உடலென்றும் வடத்தை மூச்சென்றும் சித்தர் பாணியில் ஒருவர் எனக்கு விளக்கினார். "அப்படியானால் அடிவாங்குபவன் யார்?" என்று கேட்டேன். அதற்கு அவருடைய விளக்கத்தில் இடமில்லை. என் கிணறு கவிதைக்கு வெளியே இருந்து வந்ததுதான். ஆயினும் கவிதையின் எந்தச் சொல்லையும் அது தள்ளிவிடவில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்.

இதே கவிதையை, கவிதையே வாசித்திராத ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். தடுக்கப்பட்டவனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காலத்திலை வடத்திலை நிண்ட ஆக்களிலை நானும் ஒருத்தன், தம்பி. தேர் நிண்ட இடத்தை இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். போகும்போது நூலை இரவல் கேட்டு வாங்கிச் சென்றார்.