நிபா வைரஸும் மனித வாழ்முறையும்

ஒரு வைரஸ் எந்தப் பகுதியில் கொள்ளைநோயாக வெளிப்படும் என்பதை அதன் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அப்பகுதி மக்கள் எவற்றை வளர்க்கிறார்கள், எவற்றை உண்கிறார்கள், நோயுற்றோரை எவ்வாறு பேணுகிறார்கள் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதற்குத் தெளிவான சான்று நிபா வைரஸ். பழந்தின்னி வௌவாலே இதன் இயற்கை உறைவிடம். வௌவாலுக்குத் தீங்கு செய்யாமல் அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறும் இவ்வைரஸ், மனித உடலை அடைந்தால் மூளையழற்சியை, அதாவது உயிரைப் பறிக்கக்கூடிய மூளை வீக்கத்தை, உண்டாக்குகிறது. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இவ்வௌவால்கள் பரவலாக வாழ்ந்தாலும், நோய் சில பகுதிகளில் மட்டுமே தலைகாட்டுகிறது.

1998இல் மலேசியாவின் ஈப்போ அருகிலிருந்த பன்றிப் பண்ணைகளில் கொட்டில்களை ஒட்டியே மாமரங்களும் வளர்க்கப்பட்டன. வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றதால் வைரஸ் அவற்றைத் தொற்றியது. நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பன்றிகளிடையே அது அணையாமல் நீடித்தது. நோயுற்ற பன்றிகள் விற்பனைக்குச் சென்ற பாதையிலேயே நோயும் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும், சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கும் சென்றது. தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டுக் கொசு ஒழிப்பு நடந்தது. ஆனால் அக்காய்ச்சல் பெரிதும் குழந்தைகளைத் தாக்குவது, இங்கோ பன்றிகளோடு பழகிய வளர்ந்த ஆண்களே மிகுதியும் வீழ்ந்தனர். 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்னும் ஆய்வாளர் புதிய வைரஸைக் கண்டறிந்தார். மலேசியாவில் ஏறத்தாழ 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

2001 முதல் நோய் தோன்றிவரும் வங்கதேசத்தில் பன்றிகளுக்குப் பங்கில்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவெல்லாம் பானையில் சேரும் இனிப்புச் சாற்றை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பது வழக்கம். அதே சாற்றை வௌவால்களும் நக்குவதாலும், பானையருகே சிறுநீர் கழிப்பதாலும் வைரஸ் அதில் கலக்கிறது. வெல்லத்துக்காகக் காய்ச்சப்படும் சாற்றில் அது அழிந்துவிடுகிறது. பச்சைச் சாறே நோயைத் தருகிறது. ஆகவே அங்கு நோய்க்கும் குளிர்காலமே பருவம்.

நோயாளியைத் தொட்டுப் பேணுவது மூன்றாவது வழி. வங்கதேசத்தில் அருகிருந்து உணவூட்டிய உறவினரும், இந்தியாவில் 2001இல் சிலிகுரியிலும் 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டிலும் மருத்துவமனைகளில் இருந்தோரும் இவ்வாறு தொற்றுக்கு ஆளாயினர். நெரிசல் மிகுந்த நோயாளர் கூடமும், கையுறை, முகக்கவசம் ஆகியவற்றின் பற்றாக்குறையும் அன்பான பணிவிடையையே ஆபத்தாக மாற்றிவிடுகின்றன.

வழிகள் மனிதர் அமைத்தவை என்பதால் அவற்றை அடைப்பதும் மனிதரால் இயலும். வங்கதேசத்தில் சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் அணுக முடிவதில்லை. மலேசியாவில் பண்ணைகள் ஒழுங்குபடுத்தப்பட்டுப் பழ மரங்கள் கொட்டில்களிலிருந்து விலக்கப்பட்டன. அங்கே வௌவால்கள் இன்றும் வைரஸைச் சுமந்தே பறக்கின்றன. ஆயினும் 1999க்குப் பின் அந்நாட்டு மக்களிடையே நிபா நோய் பரவவில்லை.