மறுக்கும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு

2023 அக்டோபர் 17 அன்று, சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க மறுத்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். திருமணம் என்ற பெயரின்றியேனும் அவ்வுறவுக்குச் சட்ட ஏற்பு வேண்டுமா, அவ்விணையர் தத்தெடுக்கலாமா என்பனவற்றில் மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். 2025 சனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இனிச் சட்டம் இயற்ற வேண்டியது நாடாளுமன்றம். ஆகவே விவாதம் மக்களிடம் வந்துவிட்டது.

இவ்விவாதத்தில் அடிக்கடி எழும் கேள்வி இதுதான்: "எதிர்க்கருத்தை நீங்கள் ஏன் சகித்துக்கொள்வதில்லை?" கேள்வி நியாயமானதே. ஆனால் இதில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒரு திருமணத்தை ஏற்க மறுப்பது கருத்து. அத்திருமணம் நடவாமல் தடுப்பது அதிகாரம்.

வழக்கு விசாரணையில் இருந்த 2023 ஏப்ரலில், நாட்டு மக்களில் 99.9 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தன்பாலினத் திருமணத்தை எதிர்ப்பதாகவும், முடிவைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட வேண்டும் என்றும் இந்திய பார் கவுன்சில் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த எண்ணிக்கை உண்மை என்றே கொள்வோம். உரிமை கேட்டு நீதிமன்றம் வந்தவரைத் திருப்பி அனுப்ப அது போதுமா? 1927இல் மகாத் குளத்து நீரை அம்பேத்கர் அருந்தியது பெரும்பான்மையின் ஒப்புதல் பெற்றா?

தடுக்கும் அதிகாரம் எப்படி இயங்கும் என்பதைச் சாதி மறுப்புத் திருமணம் செய்தோர் நன்கறிவர். சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி, மணம்புரிய விரும்புவோர் முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அது திருமண அலுவலகத்தில் யாவரும் காண ஒட்டப்படும். 30 நாள்களுக்குள் எவரும் ஆட்சேபணை எழுப்பலாம். வயது, ஏற்கெனவே உள்ள திருமணம் போன்ற சட்டக் காரணங்களுக்கே ஆட்சேபணை செல்லும். சாதி ஒரு காரணமே அன்று. எனினும் அந்த 30 நாள்கள் உறவினருக்கும் ஊராருக்கும் இணையரைத் தேடிப் பிடிக்கும் அவகாசமாகிவிடுகின்றன. கருத்து மாறுபாடு ஆணவக்கொலையாக உருமாறும் இடைவெளி அது.

எதிர்க்கருத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கும் நம் வரலாற்றிலேயே பாடம் உண்டு. 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல், தலைமையுரையாற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையின் சில பகுதிகளை ஏற்க இயலாமல் மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைத் தம் செலவிலேயே 'சாதி ஒழிப்பு' என்னும் நூலாக அச்சிட்டார். அதைக் காந்தி 'ஹரிஜன்' இதழில் விமர்சித்தபோது, 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தம் மறுமொழியையும் சேர்த்தே வெளியிட்டார். மாற்றுக்கருத்துக்கு மேடையை மறுத்தவர்கள் சீர்திருத்தவாதிகள். தம் நூலிலேயே இடம் கொடுத்தவர் அம்பேத்கர். அந்நூல் சாதிக்கு மருந்தாகச் சொன்னதும் கலப்புத் திருமணத்தையே.

நம் இயக்கங்களுக்குள்ளும் மாற்றுக்கருத்து உண்டு. திருமணம் என்பதே சாதியைக் காக்கும் நிறுவனம். அதற்குள் நுழைய ஏன் போராட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கின்றனர். கனமான கேள்வி, அதை விவாதிக்கவே வேண்டும். இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கோரிக்கை என்ற ஒன்றிய அரசின் வாதத்தையும் சிலர் ஏற்கின்றனர். ஆனால் மனுதாரர்களில் ஒருவர் கர்நாடகத்தின் திருநங்கைச் செயற்பாட்டாளர் அக்கை பத்மசாலி என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

திருமணத்தை நிராகரிக்கும் உரிமை, அது வாய்க்கப்பெற்றவருக்கே உண்டு. வாய்ப்பே மறுக்கப்பட்டவரிடம் "உனக்கு அது எதற்கு?" என்பது அறிவுரையன்று. கோயில் வாசலில் நம்மிடம் சொல்லப்பட்டதும் அதுவே.

ஆகவே எதிர்ப்பவர் பேசட்டும், எழுதட்டும். நாமும் மறுமொழி எழுதுவோம். ஆனால் வயதுவந்த இருவர் இணைந்து வாழ ஊரின் ஒப்புதல் தேவை என்ற வாதத்துக்கு மட்டும் நாம் கையொப்பமிட முடியாது. நாளை அதே காகிதம் சாதி மறுப்பு இணையரின் வீட்டுக் கதவிலும் ஒட்டப்படும்.